எரிச்சல் வருகிறதே, நான் தாதியாகலாமா?

கேள்வி:

வணக்கம் சிஸ்டர். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறேன். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டேன். மலாய், கணிதம், அறிவியல், வரலாறு, தமிழ் எல்லாவற்றிலும் கிரெடிட். ஆங்கிலத்தில் பாஸ் மட்டும். ஒரு தனியார் கல்லூரியில் தாதிமை டிப்ளோமாவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒரு மருத்துவமனை படிப்புச் செலவை ஏற்றுக்கொள்ளும், முடித்ததும் அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்கிறார்கள். ஆறாம் படிவத்துக்கும் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய பள்ளிப் படிப்பு) இடம் இருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு இனிப்புநீர் (நீரிழிவு). காலில் ஆறாத புண். ரொம்ப நாளாக நான்தான் டிரஸ்ஸிங் செய்கிறேன். அதைப் பார்த்துவிட்டு எல்லாரும் "உனக்கு இரக்க குணம், மிஸ்ஸி வேலைக்குப் போ" என்கிறார்கள். உண்மையைச் சொன்னால், கட்டு அவிழ்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். அப்பா சொன்ன பேச்சைக் கேட்கமாட்டார், செருப்புப் போடாமல் வாசலுக்கு இறங்குவார். போன வருஷம் சுண்டுவிரல் நிறம் மாறியிருந்தது, நாற்றமும் வேறு மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றார். கத்தி சண்டை போட்டுத்தான் மாமா காரில் ஏற்றினேன். விரலை மட்டும் எடுத்தார்கள், கால் தப்பியது. ஆனால் அப்பா இன்றுவரை நான் கத்தியதைத்தான் சொல்லிக் காட்டுகிறார். இப்படிப்பட்டவள் தாதியாகலாமா?

இன்னும் சில பயம் இருக்கிறது. பிணத்தைப் பார்த்ததில்லை. ஆண்களையும் குளிப்பாட்ட வேண்டுமாமே. ராத்திரி வேலைக்குப் போகிற பெண்ணை யார் கட்டுவான் என்கிறார் மாமா. நான் விடுதிக்குப் போய்விட்டால் அப்பா காலை யார் பார்ப்பது?

வாசகி, சுங்கை சிப்புட்

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தில் நீ முக்கியம் என்று நினைத்து எழுதியது உன் எரிச்சலைப் பற்றி. நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறு ஓர் இடம்: "சுண்டுவிரல் நிறம் மாறியிருந்தது, நாற்றமும் வேறு மாதிரி இருந்தது." தினமும் ஒரே புண்ணைப் பார்க்கிறவர்களுக்குக் கண் பழகிவிடும். நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் போகும். உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததோடு நிற்காமல், வரமாட்டேன் என்று அடம் பிடித்தவரை வண்டியில் ஏற்றியும் இருக்கிறாய். நான் வார்டு சிஸ்டராக இருந்தபோதும், பிறகு பயிற்றுநராக இருந்தபோதும், மாணவிகளிடம் கற்றுக்கொடுக்கப் பாடுபட்டது இந்த இரண்டைத்தான். நீ அதை யாரும் சொல்லித் தராமலே செய்திருக்கிறாய். அதனால் உன் முதல் கேள்விக்கு என் பதில்: ஆகலாம். ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகவே இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும்.

முதலில் எரிச்சல். இரக்கம் பொங்குகிறவர்கள்தான் தாதி வேலைக்கு ஏற்றவர்கள் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இரக்கம் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் இருபத்தைந்து பேர் படுத்திருக்கும் வார்டில், மதிய ஷிஃப்ட் முடியப்போகிற நேரத்தில், ஒரே ஆள் பத்தாவது முறையாகக் கூப்பிட்டால் எந்த நல்ல மனசுக்கும் அலுப்புத் தட்டும். அந்த நேரத்தில் நோயாளியைக் காப்பாற்றுவது உன் உணர்ச்சி இல்லை. கையைக் கழுவினாயா, மருந்துச் சீட்டில் இருக்கும் பெயரும் மணிக்கட்டுப் பட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பார்த்தாயா, எழுத வேண்டியதை எழுதினாயா என்பதுதான். எரிச்சலோடு இருந்தபோதும் நீ அப்பாவின் கட்டை ஒழுங்காக மாற்றியிருக்கிறாய். இல்லையென்றால் அந்தக் கால் இவ்வளவு நாள் தாங்கியிருக்காது. எரிச்சல் வரும் நாளில் டிரஸ்ஸிங்கைத் தள்ளிப்போட்டாயா? வேண்டுமென்றே வலிக்கும்படி பிய்த்தாயா? இந்த இரண்டுக்கும் "இல்லை" என்று உன்னால் சொல்ல முடிந்தால் கவலைப்படாதே. "சில நாள் அப்படி நடந்தது" என்றால் அதையும் மறைக்காமல் யோசி. களைப்பில் கை முரடாகிறவர்கள் இந்த வேலையில் சீக்கிரம் கசந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அது அவர்களுக்கும் நல்லதில்லை, படுத்திருப்பவருக்கும் நல்லதில்லை.

இன்னொன்றும் யோசி. அப்பாவிடம் வரும் எரிச்சலில் பாதி பயம். அவர் காலை இழந்துவிடுவாரோ என்ற பயம் மகளுக்குக் கோபமாக வெளிவருகிறது. வார்டில் படுத்திருப்பவர் உன் அப்பா இல்லை. டியூட்டி முடிந்ததும் அவரை அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போவாய். வீட்டில் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு அந்த ஒப்படைப்பே கிடையாது. அதனால் வீட்டில் நீ படும் களைப்பை வைத்து வார்டில் எப்படி இருப்பாய் என்று கணிக்காதே.

வேலை உண்மையில் எப்படி இருக்கும்? நம் அரசாங்க மருத்துவமனைகளில் பொதுவாகக் காலை 7 முதல் 2, மதியம் 2 முதல் 9, இரவு 9 முதல் மறுநாள் காலை 7. தனியார் இடங்களில் நேரம் கொஞ்சம் மாறும். ஷிஃப்ட் தொடங்கும்போது முந்தைய குழு ஒவ்வொரு கட்டிலாக விவரம் சொல்லி ஒப்படைப்பார்கள். பிறகு இரத்த அழுத்தம், நாடி, காய்ச்சல், மூச்சு, ஆக்ஸிஜன் அளவு. மருந்து, ஊசி, டிரிப். எழ முடியாதவர்களுக்குப் படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிடுவது, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுவது. புதிதாக வருபவரைச் சேர்ப்பது, போகிறவருக்கு மருந்தை விளக்கி அனுப்புவது. இத்தனைக்கும் நடுவில் எழுத்து வேலை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஊசியும் வெள்ளை உடுப்பும் தெரியும். நேரத்தில் பெரும் பங்கைச் சாப்பிடுவது எழுத்து வேலையும் நடையும்தான். முதுகும் பாதமும் வலிக்கும். தீபாவளியன்று உன் பெயர் டியூட்டி பட்டியலில் இருக்கும். அத்தை மகள் கல்யாணத்துக்கு லீவு கிடைக்காது. நைட் முடிந்து வந்து தூங்கும்போது பக்கத்து வீட்டில் ரேடியோ அலறும். இதெல்லாம் ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, பல வருடம்.

மூச்சு என்று சொன்னேனே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியவர்கள் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார்கள். ஒருவரின் நிலைமை மோசமாகப் போகிறது என்றால் பெரும்பாலும் முதலில் மாறுவது இந்த எண்ணிக்கைதான். இரத்த அழுத்தம் இறங்குவது அதற்குப் பிறகு. ஆனால் எல்லா அளவுகளிலும் அதிகம் பொய்யாக எழுதப்படுவதும் இதுதான். வார்டில் பெரும்பாலும் இதற்குக் கருவி இல்லை, நெஞ்சைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அவசரத்தில் பலர் 18 அல்லது 20 என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நான் மாணவிகளின் சார்ட்டை வாங்கியதும் முதலில் பார்ப்பது அந்த வரிசையைத்தான். எல்லாக் கட்டிலுக்கும் ஒரே எண் இருந்தால் அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பி, மறுபடி எண்ணச் சொல்வேன். யாரும் பார்க்காதபோது அந்த ஒரு நிமிடத்தை முழுதாக நின்று எண்ணுகிறவளா நீ? இரக்க குணம் இருக்கிறதா என்று கேட்பதைவிட இந்தக் கேள்வியை உன்னிடமே கேட்டுக்கொள்.

அப்புறம், பேச வேண்டும். நீ அப்பாவிடம் கத்தினாய். வார்டில் கத்தக் கூடாது, ஆனால் அதே உறுதி வேண்டும். இரவு மூன்று மணிக்குத் தூங்கிக்கொண்டிருக்கும் டாக்டரை போனில் எழுப்பி, "ஆறாம் கட்டில், மூச்சு 28, ஆள் குழறுகிறார், நீங்கள் வந்து பார்க்க வேண்டும்" என்று மலாயிலோ ஆங்கிலத்திலோ தெளிவாகச் சொல்ல வேண்டும். அவர் "காலையில் பார்க்கலாம்" என்றால் விடாமல் மறுபடி சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் அவருக்கு மேலே இருப்பவரைக் கூப்பிட வேண்டும். நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கையால் செய்யும் வேலையில் கெட்டிக்காரர்கள், ஆனால் இந்த இடத்தில் வாயடைத்து நிற்பார்கள். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்த்திருக்கிறோம் அல்லவா. உன்னிடம் அந்தத் துணிவு இருப்பது தெரிகிறது, மொழிதான் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், மருந்துப் பெயர்களும் அப்படியே. கல்லூரி திறக்கும் வரை தினமும் கொஞ்சம் ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படி. இதைச் செய்யாமல் போனால் முதல் வருடம் உன்னைத் தேவையில்லாமல் அழ வைக்கும்.

கணக்கில் கிரெடிட் வாங்கியிருக்கிறாய். சரி, இதைப் போட்டுப் பார்: டாக்டர் 150 மில்லிகிராம் எழுதியிருக்கிறார். குப்பியில் 5 மில்லிலிட்டரில் 500 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. எத்தனை மில்லிலிட்டர் எடுப்பாய்? 1.5 என்று வந்தால் சரி. 15 என்று வந்தால் அது ஒரு புள்ளிப் பிழை, ஆனால் நோயாளிக்குப் பத்து மடங்கு மருந்து. இந்தக் கணக்கு கடினமில்லை. களைப்பான நேரத்தில், மூன்று பேர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சந்தேகம் வந்தால் இன்னொருவரையும் போடச் சொல்லிச் சரிபார்க்கிற பணிவு வேண்டும்.

இனி உன் பயங்கள். பிணம்: பார்க்கத்தான் வேண்டும். இறந்தவரின் கண்ணை மூடி, குழாய்களை எடுத்து, உடலைத் துடைத்து, பெயர்ச்சீட்டுக் கட்டி, குடும்பம் வந்து பார்க்கும் நிலையில் வைப்பது தாதியின் வேலை. முதல் முறை தனியாக விடமாட்டார்கள், ஒரு மூத்தவர் கூட நிற்பார். கை நடுங்கும், ராத்திரி தூக்கம் வராது. அது எல்லாருக்கும் நடப்பது. இரத்தத்தைக் கண்டு மயங்கி விழுகிற மாணவிகளும் உண்டு. பெரும்பாலும் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு முழங்காலை விறைத்துக்கொண்டு நிற்பவர்கள்தான் விழுவார்கள். சாப்பிட்டுவிட்டுப் போ, தலை சுற்றினால் வெட்கப்படாமல் உட்கார். சில வாரங்களில் பழகிவிடும்.

ஆண்களின் உடம்பைத் துடைப்பதற்கு முறை இருக்கிறது. திரையை இழுத்து, துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து, மற்றதைப் போர்வையால் மூடி, என்ன செய்யப்போகிறாய் என்று சொல்லிவிட்டுச் செய்வது. கூச்சம் உன்னைவிட அவருக்குத்தான் அதிகம். யாராவது தவறாக நடந்தால் உடனே நிறுத்திவிட்டு வார்டு சிஸ்டரிடம் சொல்ல உனக்கு உரிமை உண்டு. வேலைக்கு வந்தவள் அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை.

மாமாவுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அவர் கார் கொடுத்து அப்பா காலைக் காப்பாற்ற உதவியவர், அந்த மரியாதை அவருக்கு என்றும் உண்டு. ஆனால் உன் இருபதுகளை யாரோ ஒரு மாப்பிள்ளையின் விருப்பத்தை ஊகித்துக் கட்டமைக்காதே. இரவு டியூட்டி செய்கிற பெண்களோடு குடும்பம் நடத்துகிற ஆண்கள் ஈப்போவிலும் இருக்கிறார்கள், சுங்கை சிப்புட்டிலும் இருக்கிறார்கள்.

இப்போது பணம். இங்கேதான் அவசரப்பட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2010ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் தனியார் தாதியர் கல்லூரிகள் பெருகி, படித்து முடித்த பல பிள்ளைகள் வேலை கிடைக்காமல் பிடிபிடிஎன் எனும் அரசாங்கக் கல்விக் கடனோடு வீட்டில் உட்கார்ந்தார்கள். நம் சமூகத்திலும் அப்படிப் பல குடும்பங்கள் நொந்தன. இன்று நிலைமை வேறு. தாதியர் பற்றாக்குறை இருக்கிறது, அதனால்தான் மருத்துவமனையே செலவை ஏற்க முன்வருகிறது. உன் குடும்ப நிலையில் அது நல்ல வாய்ப்பு. இருந்தாலும் ஒப்பந்தத்தை வீட்டுக்கு வாங்கிவந்து வரி வரியாகப் படி. எத்தனை வருடம் கட்டுப்பட வேண்டும்? அந்தக் காலம் படிப்பு முடிந்த நாளிலிருந்து தொடங்குகிறதா, பதிவு பெற்ற நாளிலிருந்தா? நடுவில் விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், ஒரே தவணையிலா? பரீட்சையில் தவறினால் என்ன? ஜாமீன் கையெழுத்து யார் போடுகிறார்கள்? அம்மாவோ மாமாவோ ஜாமீன் போட்டால், நீ விலகினால் கடன் அவர்கள் வாசலுக்கு வரும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். விடுதி, உடுப்பு, பரீட்சைக் கட்டணம் எல்லாம் அந்தச் செலவில் அடங்குமா என்றும் கேள். வாய்மொழியாக "எல்லாம் பார்த்துக்கொள்வோம்" என்று சொன்னால் எழுதித் தரச் சொல்.

கல்லூரியைப் பற்றி இரண்டு விஷயம். அந்தப் படிப்புக்கு மலேசியத் தாதியர் வாரியத்தின் அங்கீகாரமும் படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் எம்கியூஏ அமைப்பின் அங்கீகாரமும் இருக்கின்றனவா என்று பார். மூன்று வருட டிப்ளோமா முடித்தால் மட்டும் தாதியாகிவிட முடியாது. வாரியத்தின் தேர்வில் தேறிப் பதிவு பெற்று, பிறகு ஆண்டுதோறும் பணிச் சான்றிதழைப் புதுப்பித்தால்தான் வேலை பார்க்கலாம். அதனால் அந்தக் கல்லூரி மாணவிகள் வாரியத் தேர்வில் எப்படித் தேறுகிறார்கள், பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள் என்று நேராகக் கேள். பதில் சொல்லத் தயங்குகிற கல்லூரியை நான் நம்பமாட்டேன். வழக்கமாகக் கேட்கும் ஐந்து கிரெடிட்டும் ஆங்கில பாஸும் உன்னிடம் இருக்கின்றன. சேர்க்கை விதிகள் அவ்வப்போது மாற்றப்படுவதால் வாரிய இணையத்தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள். சுகாதார அமைச்சின் சொந்தப் பயிற்சி நிலையங்களுக்கும் விண்ணப்பித்து வை. போட்டி அதிகம், ஆனால் கிடைத்தால் படிக்கும்போதே உதவித்தொகை உண்டு, குடும்பத்துக்குச் சுமை குறையும்.

ஆறாம் படிவத்தை ஏளனமாக நினைக்காதே. அதன் இறுதித் தேர்வான எஸ்டிபிஎம்மில் நன்றாகச் செய்தால் பல்கலைக்கழகத்தில் தாதிமைப் பட்டமே படிக்கலாம். ஆய்வுக்கூடம், எக்ஸ்ரே, உடற்பயிற்சி சிகிச்சை போன்ற துறைகளும் திறக்கும். நோயாளிகளோடு இருக்கப் பிடிக்கிறது, ஆனால் வார்டும் நைட் டியூட்டியும் வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் அந்த வழிதான் நல்லது. ஆனால் முடிவெடுக்கப் பயந்துகொண்டு ஆறாம் படிவத்துக்குப் போவது வேறு. அந்தப் பயம் ஒன்றரை வருடம் கழித்தும் அங்கேயே நிற்கும்.

பதில் சொல்ல மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. அதற்குள் ஒரு டயாலிசிஸ் நிலையத்திலோ முதியோர் இல்லத்திலோ போய், இரண்டு மூன்று நாள் முழுதாகக் கூடமாட உதவி செய்கிறேன் என்று கேள். ஈப்போவில் இருக்கின்றன, பொதுவாக உதவிக்கு ஆள் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். சோறு ஊட்டு, சக்கர நாற்காலி தள்ளு, மலஜலம் சுத்தம் செய்யும்போது பக்கத்தில் நில். அங்கே வேலை செய்யும் தாதிகளிடம் சம்பளம், லீவு, சண்டை சச்சரவு எல்லாம் கேள். வீடு திரும்பும் பஸ்ஸில் உன் மனதில் என்ன ஓடுகிறது என்று கவனி. களைப்பாக இருந்தும், அந்தப் பாட்டி நாளைக்குச் சாப்பிடுவாளா என்று யோசித்தால் அது ஒரு பதில். இனி இந்த நாற்றத்தை முகரவே கூடாது என்று தோன்றினால் அதுவும் மரியாதையான பதில்தான். அதை யாரிடமும் மறைக்க வேண்டாம்.

உன்னைப் போன்றவர்கள் வார்டுக்கு வர வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் மிக அதிகம். முன்பு தோட்டத்துக்கு ஒரு டிரெஸர், அதாவது மருத்துவ உதவியாளர், இருப்பார், காய்ச்சலோ புண்ணோ அவரிடம்தான் போவார்கள், அவருக்கு எல்லார் வீடும் தெரியும். அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் இன்று பெரிய மருத்துவமனை வார்டில் படுத்துக்கொண்டு, எது கேட்டாலும் "ஓகே ஓகே" என்று தலையாட்டுகிறார்கள். வலிக்கிறது என்று சொல்ல மலாய் வராது, வெட்கம் வேறு. காலில் உணர்ச்சி மரத்துப்போனதே தெரியாமல் இருப்பார்கள். ஒரு தமிழ்த் தாதி கட்டிலருகே வந்து "தாத்தா, செருப்புப் போடுறீங்களா, பாதத்தை ராத்திரியில பார்க்கிறீங்களா" என்று கேட்டால் மறைத்து வைத்ததெல்லாம் வெளியே வரும். பத்து வார்டிலிருந்தும் உன்னை மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள், அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக அப்பாவின் கால். நீ எங்கே படித்தாலும் இதை இந்த வாரமே தொடங்கு. தம்பியோ அம்மாவோ யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து டிரஸ்ஸிங் செய்து காட்டு. அடுத்த வாரம் அவர்கள் செய்யட்டும், நீ பார். அரசாங்கக் கிளினிக்கிலும் டிரஸ்ஸிங் செய்வார்கள், நாள் கேட்டு வாங்கிக்கொள். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினால், கறுத்தால், நாற்றம் மாறினால், காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டு. வாரம் ஒருமுறை காலைப் படம் எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். அப்பாவுக்குப் பாதத்தை முழுதாக மூடுகிற, விரலை அழுத்தாத செருப்பு ஒன்று வாங்கி வாசலிலேயே வை. போடாமல் இறங்கினால் கத்துகிற வேலையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிடு.

அன்புடன்,
சிஸ்டர்